மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அகப்பக்கம்: நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை மாலை. பட்டணத்தில் வேலை செய்யும் மகள், அப்பாவைப் பார்க்கத் தோட்டத்து வீட்டுக்கு வருகிறாள். அலமாரியில் அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. பக்கத்தில் பச்சை நிற லேபல் ஒட்டிய மூன்று பாட்டில்கள்.

"அப்பா, இனிப்புநீர் மாத்திரை ஏன் அப்படியே இருக்கு?"

"அது வேணாம்மா. கிட்னியைக் கெடுத்துடுமாம். இதோ, எல்லாத்தையும் விவரமா போட்டிருக்கான், படிச்சுப் பாரு."

கைப்பேசியில் ஓர் அகப்பக்கம். நல்ல தமிழ். வெள்ளை அங்கி அணிந்த ஒருவரின் படம். 'மருந்து நிறுவனங்கள் மறைக்கும் உண்மை' என்று பெரிய தலைப்பு. கீழே, குணமடைந்ததாகச் சொல்லும் முப்பது பேரின் கடிதங்கள். அப்பா மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிவிட்டது.

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனால், இப்படி ஒரு பேச்சு நடக்காத தமிழர் குடும்பங்கள் நாட்டில் குறைவு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உள்ளது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். அதனால்தான் 'இனிப்புநீரை அடியோடு விரட்டலாம்' என்று சொல்லும் பக்கங்கள் நம் புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றி வருகின்றன.

ஓர் அகப்பக்கம் நம்பத்தக்கதா, இல்லையா என்று கண்டுபிடிக்கக் கணினிப் படிப்பு தேவையில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது போன்ற பழக்கம்தான் தேவை. அப்பாவின் கைப்பேசியில் இருக்கும் அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பேசுவது யார்?

முதலில் பார்க்க வேண்டியது எழுதியவர் யார் என்பதை. அந்தப் பக்கத்தில் 'பிரபல டாக்டர்' என்று மட்டும் இருக்கிறது. முழுப்பெயர் இல்லை, எந்த மருத்துவமனை என்று இல்லை. 'எங்களைப் பற்றி' என்ற பகுதியைத் தட்டினால், நிறுவனத்தின் சேவை மனப்பான்மையைப் பற்றி நான்கு வரிகள். முகவரி இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும்.

உண்மையான மருத்துவர் பெயரை மறைக்கத் தேவையில்லை. மலேசியாவில் தொழில் புரியும் மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயரைத் தட்டி யாரும் இலவசமாகத் தேடலாம். நாட்டு வைத்தியத்துக்கும் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் உள்ளடக்கியது. ஆகவே, 'சித்த வைத்தியர்' என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு விவரம் கேட்பது அவமதிப்பு ஆகாது.

படத்தையும் சோதிக்கலாம். கூகலில் சொல்லைத் தேடுவது போலவே படத்தைக் கொடுத்தும் தேட முடியும். அதே வெள்ளை அங்கிக்காரர் ஒரு பக்கத்தில் இனிப்புநீர் நிபுணராகவும், இன்னொரு பக்கத்தில் வேறு பெயரில் மூட்டுவலி நிபுணராகவும் வந்து நின்றால், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

அந்தப் பக்கத்துக்கு நம்மிடம் என்ன வேண்டும்?

அப்பா படித்தது கட்டுரைபோல் தொடங்குகிறது. கீழே இறங்கினால் மூன்று பாட்டில் சேர்ந்து ஒரு சிறப்பு விலை. 'இன்னும் 7 பாட்டில் மட்டுமே உள்ளன. சலுகை 14 நிமிடத்தில் முடிகிறது' என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது.

பொருள் விற்பது குற்றமல்ல. ஆனால், ஒரு நோயைப் பற்றிப் பாடம் நடத்துபவரே அதற்கான பாட்டிலையும் விற்றால், பாடம் பாட்டிலுக்காகவே எழுதப்பட்டிருக்கலாம். அவசரப்படுத்தும் கடிகாரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். அதே 7 பாட்டில், அதே 14 நிமிடம் என்றால், அது கடிகாரம் அல்ல, வெறும் படம். கடிகாரத்தில் பொய் சொல்பவர் மருந்தில் மட்டும் உண்மை பேசுவாரா?

இங்கே சட்டமே மக்களுக்குத் துணையாக நிற்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தில் 20 நோய்கள், உடற்குறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. இனிப்புநீர், இரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய், ஆஸ்துமா ஆகியவை அதில் அடங்கும். ஒரு பொருள் இவற்றைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய அச்சட்டம் தடை விதிக்கிறது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எண் 'கேகேஎல்ஐயு' என்ற எழுத்துகளோடு தொடங்கும்.

ஆக, 'இந்த பாட்டில் இனிப்புநீரைக் குணப்படுத்தும்' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், அந்த வரியே அது சட்டத்தை மதிக்காத பக்கம் என்பதற்குச் சான்று. சட்டப்படி நடக்கும் நிறுவனம் அந்த வரியை எழுதவே எழுதாது.

ஆதாரம் என்ன?

அப்பாவை அசைத்தது விளம்பரத்தைவிட அந்த முப்பது கடிதங்கள்தான். 'எனக்கு 18 இருந்தது, இரண்டு வாரத்தில் 7க்கு இறங்கிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் யார், உண்மையில் இருக்கிறாரா என்பது தெரியாது. இருந்தாலும், அவர் கிளினிக் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டாரா, சோற்றைக் குறைத்தாரா, எந்த வேளையில் விரலைக் குத்திப் பார்த்தார் என்று எதுவும் சொல்லவில்லை. இரத்தத்தில் சர்க்கரை அளவு காலைக்கும் மாலைக்குமே மாறும். ஆகவேதான் மருத்துவர்கள் ஒரு நாள் கணக்கை நம்பாமல், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' பரிசோதனையைப் பார்க்கிறார்கள். இரண்டு வாரத்தில் குணமானதாகச் சொல்லும் கடிதம் அந்தச் சோதனைக்கு வரவே இல்லை.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியும் அந்தப் பக்கத்தில் உண்டு. எந்த ஆய்வு, யார் நடத்தியது, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்று கேட்க வேண்டும். பாகற்காயை எடுத்துக்கொள்ளலாம். நம் சமையலில் உள்ள நல்ல காய். இனிப்புநீருக்கு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லப்படுகிறது. மலேசிய ஆய்வாளர்கள் இதுகுறித்து நடந்த ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்த்து, 2012ஆம் ஆண்டில் காக்ரேன் எனும் அனைத்துலக மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் முடிவை வெளியிட்டனர். சேர்க்கத்தக்க நான்கு ஆய்வுகளே கிடைத்தன. அவையும் மூன்று மாதத்துக்கு மேல் போகவில்லை. இனிப்புநீருக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க அந்த ஆதாரம் போதாது என்பதே அவர்களின் முடிவு.

பாகற்காய் கெட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. கறியாகச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால், மாத்திரைக்குப் பதில் அதை வைக்க ஆதாரம் இல்லை. நம்பத்தக்க பக்கத்தின் பேச்சு இப்படித்தான் இருக்கும்: தெரிந்ததைச் சொல்லும், தெரியாததையும் ஒப்புக்கொள்ளும். நூறு விழுக்காடு உத்தரவாதம் கொடுக்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

பாதி உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது?

அப்பா பிடிவாதமாக நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. "அடுத்த லயத்துக்காரருக்கு ஆஸ்பத்திரியிலேயே அந்த மாத்திரையை நிறுத்திட்டாங்களே! கிட்னிக்கு ஆகாதுன்னுதானே?"

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மெட்ஃபோர்மின் எனும் அந்த மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகப் பழுதடைந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும். அதனால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுப்பார். அதற்காக, மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று ஆகிவிடாது. கெடுத்தது பெரும்பாலும் கட்டுப்படாத இனிப்புநீரே. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இனிப்புநீரால் சிறுநீரகம் இழந்தவர்கள்.

ஆபத்தான பக்கங்கள் முழுப் பொய்யைச் சொல்வதில்லை. ஊரில் எல்லாரும் கண்ட ஓர் உண்மையை எடுத்து, காரணத்தை மட்டும் திருப்பிப் போடுகின்றன. அந்தப் பக்கத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால், எந்தச் சிறுநீரகத்துக்காக அப்பா பயந்தாரோ அதுவே முதலில் பாதிக்கப்படும். 'இது உண்மையா?' என்று கேட்பதோடு, 'காரணமாகச் சொல்லப்படுவது சரியா?' என்றும் கேட்க வேண்டும்.

பாட்டில் மீதுள்ள எண் எதைச் சொல்கிறது?

மகள் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறாள். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்ஏஎல்' என்ற எழுத்துகளும், எட்டு இலக்க எண்ணும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் கடைசி எழுத்து 'டி'. அதோடு பாதுகாப்பு ஸ்டிக்கரும் ஒட்டப்பட்டிருக்கும்.

எண் இருந்தால் மட்டும் போதாது. மற்றொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிக்க முடியும். சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவின் அகப்பக்கத்தில் பொருள் தேடும் பகுதி உண்டு. அங்கு எண்ணைத் தட்டினால் பொருளின் பெயரும், பதிந்த நிறுவனத்தின் பெயரும் வரும். கையிலுள்ள பாட்டிலின் பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும், அது இனிப்புநீரைக் குணமாக்கும் என்று அரசாங்கம் சான்று கொடுத்ததாக எண்ணிவிடக்கூடாது. பதிவு என்பது பொருளின் பாதுகாப்பு, தரம் பற்றியது. பாட்டில்காரர் இணையத்தில் அளக்கும் கதைக்கு அது பொறுப்பேற்காது.

பதிவில்லாத பொருள்களில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இயற்கை மூலிகை என்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். ஸ்டீராய்டு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் கிளைபென்கிளமைட் எனும் இனிப்புநீர் மருந்து கலந்திருந்தது. சர்க்கரை அளவு அபாயமாக இறங்கி, சில மாதங்களில் சுமார் 150 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், நால்வர் உயிரிழந்தனர்.

முகவரியை எப்படிப் படிப்பது?

சில பக்கங்கள் சுகாதார அமைச்சின் சின்னத்தையே போட்டுக்கொள்கின்றன. சின்னத்தைப் படமாக எடுத்து ஒட்ட ஒரு நிமிடம் போதும். முகவரியை அப்படி ஒட்ட முடியாது. ஆகவே, சின்னத்தைப் பார்க்காமல் முகவரியைப் பார்க்க வேண்டும்.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்வுக்கோடு வரும் இடம் வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். முடிவு 'ஜிஓவி.எம்ஒய்' என்றிருந்தால் அது மலேசிய அரசாங்க அமைப்பின் பக்கம். அந்த முடிவு அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. 'எம்ஓஎச்-ஜிஓவி-எம்ஒய்.காம்' என்றிருந்தால், முடிவு வெறும் 'காம்'. முன்னால் இருக்கும் எழுத்துகள் கண்கட்டு வித்தை. பணம் கட்டி யாரும் அப்படி ஒரு பெயரை வாங்கலாம்.

பூட்டுச் சின்னத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நம் கைப்பேசிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று பூட்டு சொல்லாது. ஏமாற்றுப் பக்கங்களுக்கும் பூட்டு உண்டு. இந்தக் குழப்பத்தால்தான் கூகல் 2023ஆம் ஆண்டில் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

தேடலில் முதலில் வருவதும் நம்பகத்துக்கு அடையாளம் அல்ல. மேலே நிற்பவற்றில் சில, பணம் கட்டி இடம் பிடித்த விளம்பரங்கள். அருகில் சிறிய எழுத்தில் அப்படிக் குறிக்கப்பட்டிருக்கும். அதேபோல், சித்தப்பா அனுப்பினார் என்பதும் சான்று ஆகாது. சித்தப்பா நல்லவர்தான்; ஆனால், அவருக்கு அனுப்பியவர் யார் என்று அவருக்கே தெரியாது.

இன்னொரு சன்னலைத் திறப்பது

ஒரு பக்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை எடைபோட முடியாது. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்பதுபோல் ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். அந்தப் பொருளின் பெயரைத் தனியாகத் தேடினால், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும். சுகாதார அமைச்சு நடத்தும் 'மைஹெல்த்' அகப்பக்கத்தில் இனிப்புநீர் பற்றிய விளக்கங்கள் இருக்கின்றன. பரவி வரும் செய்தி பொய்யா என்று பார்க்க, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'செபெனார்ஞா' பக்கம் உதவும்.

தேதியையும் பார்க்க வேண்டும். நல்ல மருத்துவப் பக்கத்தில் கட்டுரை எப்போது எழுதப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்று இருக்கும். மருந்து பற்றிய அறிவுரை மாறிக்கொண்டே வருவது. பத்து ஆண்டுக்கு முன் சரியாக இருந்தது இன்று சரியில்லாமல் போயிருக்கலாம்.

பணப் பக்கங்களுக்கும் இதே அளவுகோல்

இந்தக் கேள்விகள் மருந்துக்கு மட்டும் அல்ல. எஸ்டிஆர் உதவித்தொகை, ஈபிஎஃப் பணம் என்று வரும் இணைப்புகளுக்கும் இதே சோதனைதான். எஸ்டிஆர் இணைய விண்ணப்பம் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அரசாங்க முகவரியில் மட்டுமே நடக்கிறது. ஈபிஎஃப் பக்கத்தின் முகவரியும் 'ஜிஓவி.எம்ஒய்' என்றே முடியும். உதவிப் பணம் தருவதாகச் சொல்லும் பக்கம் வங்கிக் கடவுச்சொல்லையோ டேக் எண்ணையோ கேட்டால், அது பணம் கொடுக்க வந்ததல்ல. ஏபிகே எனும் கோப்பை இறக்கச் சொன்னாலும் அதே கதைதான். அது கைப்பேசிக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைப் படித்துவிடும்.

முன்பின் அறியாதவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன், காவல் துறையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அவரது வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். புகார் உள்ள கணக்கு என்றால் தெரிந்துவிடும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சொந்த வங்கியையோ 997 எண்ணில் உள்ள தேசிய மோசடி தடுப்பு மையத்தையோ அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

கடைசிக் கேள்விதான் கடினமானது. "இதையெல்லாமா நம்புவீங்க?" என்று மகள் அதட்டினால், அப்பா பாட்டிலை ஒளித்து வைத்துக் குடிப்பார். அவர் அந்தப் பக்கத்தை நம்பியது அறியாமையால் மட்டும் அல்ல. கிளினிக்கில் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதுவும் சரளமாக வராத மொழியில். அந்தப் பக்கமோ அவருக்குப் புரியும் தமிழில், அவருடைய பயத்தைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசியது. அந்த இடைவெளியில்தான் பாட்டில்காரர் நுழைந்தார்.

ஆகவே, அவரோடு உட்கார்ந்து, அவர் கைப்பேசியிலேயே எம்ஏஎல் எண்ணைத் தட்டிப் பார்ப்பது நல்லது. கடிகாரம் மறுநாளும் அதே 14 நிமிடத்தில் நிற்பதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். பிறகு பாட்டிலையும் மாத்திரைப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டு, அவரைக் கிளினிக்கின் மருந்தாளரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எதையும் மறைக்கத் தேவையில்லை. என்னென்ன சாப்பிட்டார், எத்தனை நாள் மருந்தை விட்டார் என்று சொன்னால்தான் சரியான ஆலோசனை கிடைக்கும். விட்ட மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளக் கூடாது. இதற்கிடையில் வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், குழப்பம் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம்; அடங்காத தாகம், வாந்தி, மிகுந்த சோர்வு வந்தால் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் இணையத்தில் விடை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிட்னியைப் பற்றிய பயத்தையும் அங்கேயே கேட்கலாம். "டாக்டர், என் கிட்னி எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இருக்கின்றன. அப்பா அந்த அகப்பக்கத்தில் தேடியது அந்த விடையைத்தான். அது அவருடைய சொந்த இரத்தத்தில் இருக்கிறது. முப்பது பேரின் கடிதங்களில் இல்லை.